போட்டியாளன் தீர்ப்புச் சொல்லலாமா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள் நம் பாட்டிமார். சரி, தன் குஞ்சைப் பொன்குஞ்சு என்னும் காக்கை அடுத்த கூட்டுக் குஞ்சைப் பற்றி ஊரறியத் தீர்ப்புச் சொல்லலாமா? சொன்னால் நாம் நம்பலாமா?

ஒயின் உலகில் எழுந்திருக்கும் கேள்வி இதுதான். திராட்சை பயிரிட்டு ஒயின் செய்து விற்கும் ஒருவர், மற்றொருவர் செய்த ஒயினைச் சுவைத்து, இது நன்று, இது தீது என்று பலரும் படிக்க எழுதலாமா? ‘எழுதலாம்’ என்போர் உண்டு. ‘அது தொழில் நாகரிகம் அன்று’ என்போரும் உண்டு.

மாணவர் மலரில் மதுவுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை நான் மறந்துவிடவில்லை. குடிக்கச் சொல்லும் கட்டுரை அன்று இது. தீர்ப்பின் நேர்மையைப் பற்றிய கட்டுரை. மேலும், நாம் படிக்க வந்திருக்கும் இந்த மராட்டிய மண்ணிலேயே நாசிக்கைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் சாலைகளும் இருக்கின்றன. ஆகவே, கேள்வி நமக்கு அத்தனை தொலைவானதும் அன்று.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்போம். அடுத்தவன் சரக்கைக் குறைத்துச் சொன்னால் தன் சரக்கு விலைபோகும். இது சந்தைக்குப் போகிற எவரும் அறிந்த உண்மை. புகழ்ந்து சொன்னாலோ, ‘இன்று நான் உன்னைப் புகழ்கிறேன், நாளை நீ என்னைப் புகழ்’ என்ற கொடுக்கல் வாங்கலோ என்ற ஐயம் எழும். இன்னொன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் தன் பீப்பாயையே சுவைத்துப் பழகிய நாக்கு, தன் ஒயினின் குற்றத்தைக் குணமாகக் கொள்ளும். பிறர் ஒயினின் புதுமையைக் குற்றமாகக் கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிய உழவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை. பெரிய ஒயின் சாலைக்காரர் போகிறபோக்கில் எழுதும் ஒரு வரி, அவருடைய ஓராண்டு உழைப்பை மண்ணாக்கிவிடும்.

இவை தள்ளிவிடத்தக்க வாதங்கள் அல்ல. ஆயினும், எழுதலாம் என்பதே என் கட்சி.

ஏன்? பாம்பின் கால் பாம்பறியும். ஒரு ஒயினில் குதிரை லாயத்தின் வாடை வீசினால் வாங்கியவர் முகம் சுளிப்பார், அதோடு சரி. ஒயின் செய்பவரோ, ‘பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட் பீப்பாயில் குடியேறிவிட்டது, அது உண்டாக்கும் எதில்பீனாலின் வாடை இது’ என்று காரணம் காட்டுவார். நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை வந்தால், தக்கையிலிருந்து இறங்கிய டிரைகுளோரோஅனிசோல் என்று கண்டுகொள்வார். ஒரு லிட்டரில் அப்பொருள் சில நானோகிராம் இருந்தாலே போதும், பழகிய மூக்கு அறிந்துவிடும். இத்தனை நுட்பம் தெரிந்தவரின் வாயை, அவர் அத்தொழிலைச் செய்கிறார் என்பதற்காகவே அடைத்துவிட்டால், பேச எஞ்சி நிற்பவர் யார்? விளம்பரக்காரர்தாம்!

போட்டியாளன் நேர்மையாகத் தீர்க்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது.

1976 மே 24ஆம் நாள். இடம் பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய ஒயின் வணிகர், கலிஃபோர்னிய ஒயின்களையும் பிரெஞ்சு ஒயின்களையும் ஒரே வரிசையில் வைத்துச் சுவைத்துப் பார்க்கச் செய்தார். தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள். அவர்களுள் இருவர் ஒயின் தோட்டத்துக்காரர்கள்: பர்கண்டியில் ரொமானே-கோன்டி தோட்டத்தின் ஒபேர் த வில்லேன், போர்டோவில் ஷாத்தோ ஜிஸ்கூரின் பியேர் தாரி. அவர்களுடைய சொந்த ஒயின் மேசையில் இல்லை. ஆனால் அவர்களுடைய நாட்டின் பெருமை மேசையில் இருந்தது. புட்டிகளின் பெயர் மட்டும் மறைக்கப்பட்டிருந்தது. முடிவு என்ன? வெள்ளை ஒயினில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஷாத்தோ மான்டலீனாவுக்கு. சிவப்பு ஒயினில் முதலிடம் அதே கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப்புக்கு. முடிவு தெரிந்ததும் தம் மதிப்பெண் சீட்டைத் திருப்பித் தருமாறு கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் தோட்டக்காரர் அல்லர். ஒயின் இதழொன்றின் ஆசிரியர்! தொழிலில் இல்லாதவருக்குப் பற்று இராது என்று எவர் சொல்வது?

ஆஸ்திரேலியாவின் ஒயின் கண்காட்சிகளிலும் ஒயின் செய்வோர் நடுவர் குழுக்களில் அமர்ந்து பிறர் ஒயினை மதிப்பிடுகிறார்கள். அங்கும் பெயர் மறைத்தே சுவைக்கிறார்கள். அதனால் அத்தொழில் அழிந்துவிடவில்லை.

எனினும் நிபுணர் நாக்கும் நாக்குத்தான், தராசு அன்று. கலிஃபோர்னியாவில் சிறு ஒயின் சாலை நடத்திய ராபர்ட் ஹாட்ஜ்சன் என்னும் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். மாநிலக் கண்காட்சியில், நடுவர்கள் அறியாத வகையில், ஒரே புட்டியின் ஒயினை மூன்று முறை அவர்கள்முன் வைக்கச் செய்தார். 2008இல் அவர் வெளியிட்ட முடிவு திடுக்கிட வைக்கிறது. ஏறத்தாழப் பத்து நடுவர்களுள் ஒருவர்தாம் மும்முறையும் ஒரே பதக்கத்துக்கு உரிய அளவில் மதிப்பெண் தந்தார். இதிலிருந்து நாம் பெறும் பாடம் ‘தீர்ப்பே வேண்டாம்’ என்பதன்று. ‘வெறும் எண்ணை நம்பாதே, காரணத்தைக் கேள்’ என்பதாகும்.

ஆகவே, ஒயின் செய்பவர் பிறர் ஒயினைப் பற்றி எழுதட்டும். ஆனால் நான்கு கட்டுப்பாடுகளை ஏற்று எழுதட்டும். முதலாவது, பெயரை மறைத்துச் சுவைக்க வேண்டும். இரண்டாவது, குற்றம் கண்டால் இன்னொரு புட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். ஒரு தக்கையின் பழியை ஓர் உழவரின் தலையில் சுமத்தலாகாது. மூன்றாவது, எண்ணோடு நில்லாமல் காரணம் கூற வேண்டும். நான்காவது, தன் பெயரையும், தான் எந்த ஒயின் சாலைக்காரர் என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். 1978இல் ஒயின் இதழ் தொடங்கி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கத்தைப் பரப்பிய ராபர்ட் பார்க்கருக்கு, ஆரிகனில் மைத்துனரோடு கூட்டாக ஒரு தோட்டம் இருந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை. அத்தோட்டத்து ஒயினைப் பற்றித் தம் இதழில் எழுதுவதில்லை என்று விலகி நின்றார். அந்த அளவு நேர்மையேனும் வேண்டும்.

அறிவியல் பயிலும் நண்பர்களே, இது நமக்கும் உரிய செய்தி. நாளை நாம் எழுதும் ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடப் போகிறவர் யார்? நம் துறையிலேயே நம்மோடு போட்டியிடும் மற்றோர் ஆய்வாளர்தாம். போட்டியாளர் என்று அவரை விலக்கினால், அதைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஆள் இராது. ஆனால் பல ஆய்விதழ்களில் எழுதியவர் பெயர் மதிப்பிடுபவருக்குத் தெரியும்; மதிப்பிட்டவர் பெயரோ எழுதியவருக்குத் தெரியாது. நான் ஒயினுக்குக் கேட்பது இதன் தலைகீழ். செய்தவர் பெயர் மறையட்டும். தீர்ப்பவர் பெயர் தெரியட்டும்! ஆய்வுக்கும் அதுவே நல்லதோ என்று சிந்தித்துப் பாருங்கள்.

குறை சொல்ல அஞ்சுகிற தொழில் வளராது. முகம் மறைத்துக் குறை சொல்கிற தொழிலில் நட்பு வளராது. அறிந்தவன் பேசட்டும், பெயரோடு பேசட்டும், காரணத்தோடு பேசட்டும். அப்படிப் பேசுகிறவன் போட்டியாளனாகவே இருக்கட்டும்; அவன் சொல்லைக் கேட்பதில் நமக்கு இழப்பில்லை.