வேலிக் கம்பும் தேன்சிட்டும்



சிங்களத்தில் 'மொனரா' என்றால் மயில், 'கல' என்றால் பாறை. பறவையின் பெயரைத் தாங்கிய மாவட்டம் நமது மொனராகலை. அந்தப் பறவைகளுக்கு நமது வீட்டோரத்தில் என்ன இருக்கிறது?

வேலிகளில் அதிகம் நிற்பது கிளிசரியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். ஆட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் தருவதால் அதை வெட்ட வேண்டாம். நாலைந்து கம்புகளுக்கு ஒன்றாக, நம் மண்ணுக்குரிய முள்முருக்கை ஊன்றுங்கள். கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடும் மரம்தான் அது. இலை உதிர்ந்த வறட்சிக் காலத்தில் சிவப்பாகப் பூக்கும். தேன்சிட்டும் மைனாவும் தேடி வரும். தழையை ஆடு தின்னும். மிளகுக்கொடியும் படரும்.

பறவை வந்தால் நமக்கு என்ன லாபம்? தேன் குடிக்கும் தேன்சிட்டுக்கூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். நமது கத்தரி, பயற்றைப் பாத்தியில் புழு பிடிக்கக் கூலி கேட்காத ஆட்கள் இவை. மருந்தடித்தால் பூச்சியோடு குருவியும் போய்விடும், கைக்காசும் போய்விடும். கறிவேப்பிலையில் நாலு புழுவைக் கண்டால் விட்டுவிடுங்கள். வண்ணத்துப்பூச்சியாகும், அல்லது குஞ்சுக்கு இரையாகும்.

"இருக்கும் மண்ணே நமதில்லையே" என்று சில சகோதரிகள் நினைக்கலாம். லயத்தில் இருப்பவருக்கும் இடம்பெயர்ந்து வந்தவருக்கும் உறுதி இல்லாதது பெரிய குறைதான். அதனால்தான் கம்பில் முளைக்கும் மரத்தைச் சொல்கிறோம். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. நாளை வேறிடம் போக நேர்ந்தாலும் ஒரு கம்பை வெட்டிக்கொண்டு போகலாம். கம்பு ஊன்ற இடமில்லாதவர்கள் பழைய வாளியில் ஒரு வெட்சியோ கறிவேப்பிலையோ வைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. யானை நடமாடும் ஊர்களில் விளா, வாழை போன்றவற்றை வீட்டுக்கு அருகில் நடாதீர்கள். பறவைக்குத் தண்ணீர் வைத்தால் தட்டையான சட்டியில் வைத்து, தினமும் கொட்டி மாற்றுங்கள். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கைப்பருமனான, முற்றிய கம்பாகப் பார்த்து ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை ஆடு கடிக்காமல் முள் கட்டுங்கள். தளிர்த்ததும் பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும் ஒரு கம்பு கொடுங்கள்.