ராத்திரியிலும் கூலிங் கிளாஸ்

பெங்களூர் ஜே.சி. ரோடு. வண்டி உதிரிபாகக் கடைகளின் வாசலில் ஹெல்மெட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. வாங்க வரும் இளைஞர்கள் பலர் ஓட்டின் தரத்தைப் பற்றிக் கேட்பதைவிட முகக் கண்ணாடியைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். ஸ்மோக் வேண்டுமா, டார்க் ஸ்மோக்கா, அல்லது வானவில் நிறத்தில் பளபளக்கும் மெர்க்குரியா? ஹெல்மெட்டோடு வரும் வெள்ளைக் கண்ணாடி கழற்றப்பட்டு அட்டைப் பெட்டிக்குள் போகிறது. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலைப் பார்க்கிறார்கள். குளுகுளுவென்று இருக்கிறது. வியாபாரம் முடிந்தது. வாங்குவது பகலில், சோதிப்பதும் பகலில்.

வெயிலுக்காக வாங்குவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒயிட்ஃபீல்டிலிருந்து மாலையில் நகரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு மேற்கே இறங்கும் சூரியன் நேராகக் கண்ணுக்குள் அடிக்கும். அந்த நேரத்தில் கறுப்புக் கண்ணாடி ஒரு வரம்தான். ஆனால் டிசம்பர் மாதத்தில் பெங்களூரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி பக்கத்தில் இருக்கும் ஊரில் அந்திக்கு ஆயுசு குறைவு. இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் இருட்டிவிடும். போக்குவரத்து நெரிசலில் வீடு போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புறப்படும்போது பொருத்தமாக இருந்த கண்ணாடி பாதி வழியிலேயே பொருந்தாமல் போகிறது. மாற்றிக்கொள்ள வேறு கண்ணாடி கையில் இருப்பதில்லை.

தமிழக அரசியலில் இரவிலும் கறுப்புக் கண்ணாடியோடு வலம்வந்த தலைவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பைக் ஓட்டவில்லை.

இரவிலும் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: எதிரே வரும் ஹெட்லைட் கூசாமல் இருக்கும். எல்.ஈ.டி. விளக்குகளும், ஹை பீமைக் குறைக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஓட்டுநர்களும் பெருகிவிட்ட காலத்தில் இது நம்பக்கூடிய வாதமாகத்தான் தோன்றும். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி எந்த வெளிச்சம் வேண்டாதது, எந்த வெளிச்சம் வேண்டியது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் 80 சதவீதம் வரி போடுவதைப் போல அது வேலை செய்கிறது. நூறு ரூபாய் வைத்திருப்பவனுக்கு இருபது ரூபாய் மிஞ்சும், அவன் பிழைத்துக்கொள்வான். ஒரு ரூபாய் வைத்திருப்பவனுக்கு இருபது பைசா. ஹெட்லைட் அந்தப் பணக்காரன். சாலையோரப் பள்ளமும், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு குறுக்கே நடப்பவரும் அந்த ஏழை. கூச்சம் கொஞ்சம் குறையும். பள்ளம் பார்வையிலிருந்தே போய்விடும்.

இருட்டில் கண் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. பாப்பாவை விரித்துப் பார்க்கிறது. விழித்திரை மெல்லமெல்ல இருளுக்குப் பழகுகிறது; முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். அப்படிப் பழகியும், நிறமும் நுணுக்கமும் பகலைப் போலத் தெரிவதில்லை. வயது ஏற ஏறப் பாப்பா விரிவதும் குறையும், விழி லென்சும் மங்கும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மகனின் ஹெல்மெட்டை அவசரத்துக்கு மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பும் அப்பாவுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடிவிடும். எதையோ பார்த்து, அது இன்னதென்று புரிந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 21 மீட்டர் போயாகிவிட்டது. பிரேக் பிடித்தபின் காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் ஒரு 15 மீட்டர். மொத்தம் 36. லோ பீம் விளக்கில் தடங்கல் ஒன்று 40 மீட்டரில் தெரிந்தால் தப்பிக்கலாம். கறுப்புக் கண்ணாடியால் அதே தடங்கல் 30 மீட்டரில் தெரிந்தால் வழியில்லை. மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கும் போதாது.

பெங்களூரின் சாலைகள் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகின்றன. சிவசமுத்திரத்து நீர் மின்சாரம் 1902-ல் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும், 1905-ல் பெங்களூருக்கும் வந்தது. தெருவில் மின் விளக்கு எரிந்த பெருமை அப்போதே அந்த ஊருக்குக் கிடைத்தது. இன்றைய விளக்குகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஊரின் அழகான மரங்கள் பல இடங்களில் விளக்குக்கும் சாலைக்கும் நடுவே குடை பிடிக்கின்றன. பத்தடி வெளிச்சம், பத்தடி நிழல். ஒயிட் டாப்பிங் போட்ட கான்கிரீட் சாலை வெளிச்சத்தை ஓரளவு திருப்பித் தருகிறது. அங்கிருந்து தார் போட்ட குறுக்குத் தெருவுக்குள் திரும்பினால், தார் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. வெள்ளைப் பட்டை அழிந்துபோன ஹம்ப் அங்கேதான் படுத்திருக்கும்.

சட்டத்துக்குக் கண்ணாடி விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் காரின் முன்பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையாவது, பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையாவது உள்ளே விடவேண்டும் என்கின்றன. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தி உத்தரவிட, நாடெங்கும் போலீசார் கார்களிலிருந்து கறுப்புப் படலத்தை உரித்தார்கள். அந்த வழக்கில் அதிகம் பேசப்பட்டது குற்றங்களைப் பற்றி: காருக்குள் இருப்பவர் யார் என்று வெளியே தெரியவேண்டும். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிகிறதா என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பைக் விஷயத்தில் அதுவும் கிடையாது. போலீஸ் பார்ப்பது தலையில் ஹெல்மெட் இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதை. முத்திரை இருக்கும் ஓட்டில் பிளாட்பாரத்தில் வாங்கிய டார்க் ஸ்மோக்கை மாட்டினால் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி எண் 22 இதில் தெளிவாக இருக்கிறது. 80 சதவீதத்துக்குக் குறைவாக வெளிச்சம் விடும் முகக் கண்ணாடியில் ‘பகலில் மட்டும்’ என்று குறிக்கவேண்டும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 75 ஆயிரம் பேர் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். விபத்துகள் அதிகம் நடக்கும் நேரம் மாலை 6 முதல் 9 வரை என்று மத்திய அரசின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. இறந்தவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா என்பதற்கு அறிக்கையில் பட்டியல் உண்டு. என்ன கண்ணாடி என்பதற்கு இல்லை.

கீறலும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். சிக்னலில் நிற்கும்போது கையுறையாலும் கர்ச்சீப்பாலும் தூசியைத் துடைத்துத் துடைத்து விழும் மெல்லிய கோடுகள் பகலில் கண்ணில் படுவதில்லை. இரவில் எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் அந்தக் கோடுகளில் சிதறி நட்சத்திரமாக வெடிக்கிறது. ஈரம் இல்லாமல் துடைக்கக் கூடாது. தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும். பெட்ரோலால் துடைத்தால் பாலிகார்பனேட் வெடிப்பு விட்டுவிடும்.

இரவு வந்ததும் பலர் செய்வது கண்ணாடியை மேலே தூக்கிவிடுவது. பார்வை திரும்பக் கிடைக்கிறது. கூடவே மெட்ரோ வேலையின் தூசியும், விளக்கைத் தேடிவரும் பூச்சியும். நாற்பதில் போகும்போது கண்ணில் ஒரு பூச்சி விழுந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்ளும். காலை பத்து மணிக்கு ஹெல்மெட்டை மாட்டி நள்ளிரவில் கழற்றும் உணவு டெலிவரி ஆட்களுக்கு இது தினப்படி அவஸ்தை. இறக்கினால் இருட்டு, ஏற்றினால் தூசி.

வழிகள் இல்லாமல் இல்லை. வெளியே வெள்ளைக் கண்ணாடியும் உள்ளே சிறு நெம்புகோலில் இறங்கி ஏறும் கறுப்புக் கண்ணாடியும் கொண்ட ஹெல்மெட்டுகள் இந்தியத் தயாரிப்பிலேயே கிடைக்கின்றன. அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு, பகலில் வெள்ளைக் கண்ணாடிக்குள் சாதாரண கூலிங் கிளாஸ். இருட்டியதும் அது சட்டைப் பையில். கறுப்புக் கண்ணாடியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கோ, கடைக்காரர் கழற்றிக் கொடுத்த வெள்ளைக் கண்ணாடி அட்டைப் பெட்டியோடு வீட்டுப் பரணில் கிடக்கும்.