புருவத்துப் பச்சையும் பொறுத்திருக்கும் நாட்களும்

இடப்பள்ளியிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிக் கேட்கிறார். மகளுக்கு வருகிற ஆவணியில் திருநெல்வேலியில் திருமணம். அழகு நிலையமொன்றில் பெண்ணுக்கு ஊசியால் புருவம் தீட்டுவித்தார்களாம். பத்தாம் நாள் பார்த்தால் நிறம் பாதி போய்விட்டதாம். உடனே மறுபடியும் குத்துவிக்கலாமா என்பது அவர் கேள்வி. கூடாது அம்மா, கூடவே கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நிரந்தர ஒப்பனை என்று புதுப்பெயர் பூண்டிருப்பினும், இது நம் பாட்டிமார் கண்ட பச்சை குத்துதலே ஆகும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில், குறத்தியர் மை கூட்டும் முறை காணப்படுகிறது. மஞ்சளும் அகத்தியிலையும் சேர்ந்த திரியை ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, படிந்த கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பார்களாம். வீக்கம் காணாதிருக்க மேலே மஞ்சட்பொடியும் தேய்ப்பார்களாம். அந்த மஞ்சளை இன்று நாம் நாட வேண்டுவதில்லை. கடைப்பொடியில் என்ன கலந்திருக்கிறதோ, யார் கண்டார்? பச்சைப் புண்ணில் அது ஆகாது.

இனிக் காரணத்திற்கு வருவோம். மை தங்குவது தோலின் உள்ளடுக்கில். அங்குள்ள ஒருவகை உயிரணுக்கள் அதனை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு மடிந்தால் அது விட்ட மையை வேறோர் அணு ஏற்றுக்கொள்ளும் என்பதை, 2018-இல் பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டறிந்தனர். மேலடுக்கில் சிந்திய மையோ பொருக்கோடு உதிர்ந்துவிடும். அடியில் முளைத்த இளந்தோல் சில நாட்கள் மங்கலாக மூடியிருக்கும். ஆகவே இரண்டாம் வாரத்தில் நிறம் போனதுபோல் தோன்றி, நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் தெளிந்து வரும். ஆறாத தோலில் மறுபடியும் ஊசி பாய்ந்தால் தழும்பே மிஞ்சும்.

அதுவரை செய்யவேண்டுவன சிலவே. கையைச் சோப்பிட்டுக் கழுவியபின்னரே புருவத்தைத் தொடுதல் வேண்டும். தூய நீரில் மெல்ல ஒற்றியெடுத்து, சொல்லப்பட்ட களிம்பை மிக மெல்லியதாகப் பூசினால் போதும். அரிப்பெடுக்கும், எனினும் பொருக்கைக் கிள்ளலாகாது, கிள்ளிய இடத்தில் மையும் கூடவே போய்விடும். எண்ணெய் முழுக்கும் சீயக்காயும் தோல் ஆறும்வரை வேண்டா. இட்லிப் பானையைத் திறக்கும்போது முகத்தை ஆவியில் காட்டவேண்டா. நெற்றி நிறையத் திருநீறு பூசும் வழக்கமுடையவர்கள் இச்சில நாட்கள் நடுவில் சிறு கீற்றாக இட்டுக்கொள்ளட்டும். கொச்சியின் புழுக்கத்தில் வியர்வை வழியத்தான் செய்யும், தேய்க்காமல் ஒற்றவேண்டும்.

மூன்று நாட்களுக்குப் பின்னும் வலியும் சிவப்பும் பரவினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் கண்டாலோ அழகு நிலையத்திற்கன்று, மருத்துவரிடம் செல்லுங்கள். ஊசி உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட்டதுதானா என்பதையும் முன்னரே பார்த்திருக்கவேண்டும். மஞ்சட்காமாலைக் கிருமிகள் அவ்வழியே பரவக்கூடும். பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டுக் காலம் இரத்ததானம் செய்யலாகாது என்பதும் நம் நாட்டு விதி.

புற்றுநோய் மருந்தின் கடுமையால் புருவத்தை இழந்த சகோதரியருக்கு இது வெறும் ஆடம்பரமன்று. கண்ணாடியை மீண்டும் நிமிர்ந்து பார்க்கும் துணிவு. ஆயினும் தங்கள் மருத்துவரின் சம்மதமின்றி அவர்கள் ஊசியண்டை செல்லலாகாது. நீரிழிவு உடையவர்க்கும், தழும்பு தடித்து வளரும் உடல்வாகினர்க்கும் இதுவே சொல்வேன்.

இடப்பள்ளிச் சகோதரி நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்க்கட்டும். முதல்முறை குத்திய நாளிலிருந்து ஆறு வாரம். மறுமுறை குத்தினால் அது ஆற இன்னும் நான்கு முதல் ஆறு வாரம். முகூர்த்தம் அதற்கு முன் வருமாயின், இரண்டாம் முறையை மறுவீடு முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். தோல் நன்கு ஆறியிருந்தால், மணநாளன்று குறையும் நிறத்தை மைக்கோல் கொண்டு தீட்டிக்கொள்ளட்டும். நம் பெண்களுக்குத் தெரியாத வித்தையா அது!