கணினிப் பட்டியலில் காணாமல் போன பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் பெயர்ப்பட்டியல் போடுகிற எல்லோரும் ஒருமுறை வாசித்தால் நல்லது.

கற்றல் உபகரணங்கள் கொடுப்பதற்காக அண்மையில் ஒரு பட்டியல் எடுத்தோம். மைக்ரோசொப்ட் அக்சஸில் மாணவர், பாதுகாவலர், வகுப்பு என்று மூன்று அட்டவணைகள். மூன்றையும் ஒரே வினவலில் இணைத்து, அதன்மேல் ஒரே படிவம் செய்திருந்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பட்டியல் அச்சாகி வந்ததும் வகுப்பாசிரியை ஒருவர் கேட்டார்: "சேர், என்ட வகுப்பில மூணு புள்ளைகள்ட பேரக் காணல்லையே?"

தேடினோம். மூவருக்கும் பாதுகாவலர் விபரம் பதியப்பட்டிருக்கவில்லை. ஒருவருக்கு வாப்பா மௌத், உம்மா வெளிநாட்டில். மற்ற இருவரும் உம்மும்மா வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். இரண்டு அட்டவணைகளைச் சாதாரணமாக இணைத்தால், இரண்டிலும் பொருந்துகிற பதிவுகள் மட்டும்தான் வரும். மற்றவை விடுபட்டுப் போகும். பிழை என்று ஒரு செய்திகூட வராது. ஆக, யாருக்கு அந்த உதவி கட்டாயம் போக வேண்டுமோ, அவர்களையே எங்கள் பட்டியல் சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. மூன்று சகோதரர்களில் ஒருவரை மாமா பொறுப்பெடுத்தார். படிவத்தில் வாப்பாவின் பெயரை அழித்து மாமாவின் பெயரை அடித்தோம். மூன்று பேருக்கும் மாமாவே பாதுகாவலராகிவிட்டார்! நாங்கள் மாற்றியது அந்தப் பிள்ளையின் பதிவை அல்ல. மூவருக்கும் பொதுவான பாதுகாவலர் பதிவை.

பிறகு மொத்த எண்ணிக்கையும் தெரியட்டும் என்று அதே வினவலில் கூட்டலைச் சேர்த்தோம். படிவத்தில் ஓர் எழுத்தும் அடிக்க முடியவில்லை. கூட்டிச் சுருக்கிய வரியில் எந்தப் பதிவைத் திருத்துவது என்று கணினிக்குத் தெரியாது. அதனால் பூட்டிவிடும்.

இப்படி ஏதும் நடந்தால் உடனே "டைப் பண்ணின ஆளின் பிழை" என்கிறோம். அது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. பிழை படிவத்தை அமைத்த விதத்தில் இருந்தது. அதை அமைத்தவர்கள் நாங்கள்.

திருத்திய விதம் இதுதான்:

1. முதலில் எண்ணுங்கள். மாணவர் அட்டவணையில் எத்தனை, வினவலில் எத்தனை? குறைந்தால் யாரோ விடுபட்டிருக்கிறார்கள். கூடினால் ஒரே பிள்ளை இரண்டு தடவை வந்திருக்கிறது.

2. இணைப்பின் மேல் இரட்டைச் சொடுக்குச் செய்து, மாணவர் அட்டவணையின் எல்லாப் பதிவுகளும் வரும்படி மாற்றுங்கள். பாதுகாவலர் இல்லாத பிள்ளையும் வெற்றுக் கட்டத்தோடு வந்து நிற்கும். அந்த வெற்றுக் கட்டம்தான் நாம் விசாரிக்க வேண்டிய வீடு.

3. தரவு பதியும் படிவத்தை ஒரே அட்டவணையின் மேல் அமையுங்கள். பாதுகாவலரின் பெயரை அடிக்க விடாமல், பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வையுங்கள். மாணவர் பதிவில் அவருடைய இலக்கம் மட்டும் சேரட்டும். புதிய பாதுகாவலருக்கு வேறு படிவம்.

4. கூட்டல், சுருக்கம் எல்லாம் அறிக்கைக்கு. பதியும் படிவத்தில் வேண்டாம்.

5. ஒவ்வொரு அட்டவணைக்கும் முதன்மைச் சாவி இருக்கட்டும். பெயரை வைத்து இணைக்காதீர்கள். நம் ஊரில் ஒரே பெயரில் எத்தனை பிள்ளைகள் என்று உங்களுக்கே தெரியும்.

இது பாடசாலைக்கு மட்டுமான கதை அல்ல. பள்ளிவாசல் குடும்பப் பதிவு, ஸகாத் பட்டியல், நிவாரணப் பட்டியல் எல்லாம் இப்போது கணினியில்தான். "கணினியில பேர் இல்ல" என்று ஒருவரைத் திருப்பி அனுப்புமுன் பழைய இடாப்பை ஒருதரம் புரட்டிப் பாருங்கள். பட்டியல் ஓர் அமானிதம்.

அந்த மூன்று பிள்ளைகளுக்கும் உபகரணங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஆசிரியை கேட்காமல் இருந்திருந்தால்?