கல் உள்ளவர்களுக்கு மட்டுமா கல்லறை?

மூணாறு செல்லும் பயணியரின் படத்தொகுப்புகளில் தவறாது இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. கிறிஸ்து ஆலயத்தை ஒட்டிய மலைச்சரிவு, பாசி படர்ந்த பழைய கல்லறைகள், மேலிருந்து இறங்கும் மூடுபனி. படத்தின் அடியில் எழுதப்படும் கதையும் ஏறத்தாழ ஒன்றே. தோட்ட நிர்வாகி ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி எலனோர் இசபெல் மே, அம்மலையின் அழகில் மயங்கி, தாம் இறந்தால் அங்கேயே புதைக்கும்படி சொன்னாராம். 1894 டிசம்பரில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1910இல்தான். ஆலயத்துக்கு முன்பே கல்லறை தோன்றிய இடம் என்ற வியப்போடு குறிப்பு முடிந்துவிடும்.

அந்த இளம்பெண்ணின் சாவு துயரமானது. அதைப் பதிவுசெய்வதில் பிழையேதும் இல்லை. அந்த ஒரு சாவோடு மூணாற்றின் மரண வரலாறே முடிந்துவிட்டதுபோல் கேமராவை மூடிக்கொள்வதுதான் பிழை.

1877இல் பூஞ்சாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுத்ததால் காடு தோட்டமாகிவிடவில்லை. கங்காணிகள் ஆள்திரட்டிப் போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து கால்நடையாக மலையேற்றிய தமிழ்க் கூலிகள்தாம் அதைத் தோட்டமாக்கினர். காலரா பங்களாவை மட்டும் தேடிச் சென்ற நோயன்று. குளிரும் காய்ச்சலும் பிரசவமும் கொன்ற லயத்து மக்களையும் அதே மலைதான் ஏற்றுக்கொண்டது. அவர்களுடைய புதைகுழிகளைத் தேடி எந்தப் படக்காரரும் வண்டியைத் திருப்புவதில்லை.

இப்பாராமுகம் தற்செயலானதன்று, இதற்கு ஒரு நூற்றாண்டுப் பயிற்சி இருக்கிறது. சென்னை மாகாணத்தில் இருந்த ஐரோப்பியர் கல்லறைகளின் வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி தொகுக்க, 1905இல் அரசே அதை அச்சிட்டது. தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியர் இடுகாடுகளைப் பேணவும் பதிவுசெய்யவும் 1976இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இரண்டும் நேர்த்தியான பணிகள். ஆனால் இரண்டின் எல்லைக்குள்ளும் கூலியின் மண்மேடு வரவில்லை. இன்றைய படக்காரர், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பட்டியலையே வண்ணத்தில் மறுபதிப்புச் செய்கிறார்.

“கல் இருந்தால்தானே படம் எடுக்க முடியும்?” என்பது வழக்கமான மறுமொழி. இந்திய அரசின் சட்டமே இதற்கு விடை சொல்கிறது. தொன்மைச் சின்னங்கள் குறித்த 1958ஆம் ஆண்டுச் சட்டம், வரலாற்று மதிப்பும் நூறாண்டுப் பழமையும் உள்ளவற்றைச் சின்னம் என்று வரையறுக்கும்போது, கட்டடத்தோடும் கல்வெட்டோடும் ஈமமேட்டையும் புதைவிடத்தையும் பெயர்சொல்லிச் சேர்த்திருக்கிறது. மண்மேட்டைச் சட்டம் ஏற்கிறது. ஏற்காதது அழகுணர்ச்சி என்ற பெயரில் உலவும் மேட்டிமைதான்.

இது வெறும் ரசனைத் தகராறு அன்று. லயத்து வீடு கம்பெனிக்குரியது. வேலைக்காலம் முடிந்தால் அதைக் காலிசெய்ய வேண்டும். தலைமுறைகளாக உழைத்தும் ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்களுக்கு, பாட்டனைப் புதைத்த இடமே அம்மலையில் தாங்கள் வாழ்ந்ததற்கான சான்று. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டவர்களில் பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அவர்களை அடக்கம் செய்த இடம் ராஜமலையில் இருக்கிறது. வரையாடு பார்க்க அதே ராஜமலைக்குச் செல்லும் கூட்டத்தில் எத்தனை பேர் அதை விசாரிக்கிறார்கள்?

மொழியை அறிந்தவர்களுக்கு இதில் கூடுதல் கடமை உண்டு. ‘தோற்றம்’, ‘மறைவு’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற சிறு சொற்களும், பெயருக்கு முன்னே நிற்கும் ஊர்ப்பெயரும், உறவுமுறையும், பிழையென்று தள்ளப்படும் எழுத்தும் இடம்பெயர்ந்த ஒரு சமூகம் தன் கையால் எழுதிய வரலாறு. சோழர் கல்லைப் படியெடுக்கும் அக்கறையில் நூறில் ஒரு பங்கு போதும், இவற்றைக் காப்பாற்ற.

ஆகவே பழைய இடுகாட்டுக்குக் கேமராவோடு செல்பவர் அங்கே உறவுடையவரிடம் முதலில் அனுமதி கேட்கட்டும். பாசியைச் சுரண்டாமல், சுண்ணக்கட்டியால் எழுத்தைத் தேய்க்காமல், பக்கவாட்டு ஒளியில் வாசகம் முழுவதும் தெரியுமாறு படம் எடுக்கட்டும். இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளட்டும். கல் இல்லாத மேடுகளில் உறங்குபவர் யாரென்று அருகிலுள்ள லயத்து முதியோரிடம் கேட்டு, அவர்கள் விரும்பினால் பெயரோடு எழுதிவைக்கட்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர் மூடுபனியைப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும். அதை மூணாற்றின் வரலாறு என்று மட்டும் சொல்லாதிருக்கட்டும்.