ஒரே ஒரு வில்லை

'அபூர்வம்' என்ற சொல்லைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் அந்தச் சொல் படுகிற பாடு கொஞ்சமல்ல. உலகத்தில் பத்து இருந்தால் ஒரு விலை, இரண்டு இருந்தால் ஒரு விலை, ஒன்றே ஒன்று என்றால் கேட்கவே வேண்டாம்! அது ஏன் ஒன்றே ஒன்றாய் நின்றுவிட்டது என்று மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை.

பழைய பட்டாளத்துப் பித்தான்களும் பெல்ட்டுக் கொக்கிகளும் சேர்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நல்ல மனிதர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கறுப்பர் படை ஒன்றின் வெள்ளி வில்லையைப் பற்றி அவரிடம் பேச்சு வந்தது. "என்ன ஸார் பெறும்?" என்று கேட்டார். "அசல்தானா?" என்று கேட்டார். மூன்றாவது கேள்வி அவரிடம் இல்லை. அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன்.

வில்லை என்றால் வேறொன்றுமில்லை. கலெக்டர் கச்சேரிச் சேவகர்கள் டவாலியில் பித்தளையில் அணிந்திருந்தார்களே, அந்த ஜாதி. இது வெள்ளி. சின்னஞ்சிறு தகடு. அதில் துள்ளி ஓடும் ஓர் ஆண் மான். பதின்மூன்று குடியேற்றங்களுக்குப் பதின்மூன்று நட்சத்திரங்கள். பிரெஞ்சு அரசின் அல்லி மலர் பொறித்த ஒரு கேடயம். 1778-ல் பிரான்சு அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியதல்லவா, அந்த நட்பின் அடையாளமாக அந்த மலரைக் கொள்ளலாம். எம். டபிள்யூ. என்று இரண்டு எழுத்துகள். பிறகு படையின் பெயர்: 'பக்ஸ் ஆஃப் அமெரிக்கா'. அமெரிக்காவின் கலைமான்கள் என்று தமிழில் சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டு வெள்ளையர்கள் கறுப்பு இளைஞனை மிருகமாகப் பாவித்து ஏளனமாய்ச் சொன்ன சொல்லும் இந்த 'பக்'தான். பெயர் வைத்தவர்கள் அதை நினைத்தார்களோ இல்லையோ, என் காதில் அது விழாமல் இல்லை. ஏச்சாக வீசப்பட்ட சொல்லை வெள்ளியில் செதுக்கி மார்பில் குத்திக்கொள்ளத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

அமெரிக்க சுதந்திரப் போர்க் காலத்தில் பாஸ்டனில் இருந்த ஊர்ப்படை இது. மிலிஷியா என்பார்கள், சம்பளப் பட்டாளம் அல்ல, ஊர்க்காரர்களே துப்பாக்கி பிடித்துக் கூடுகிற படை. தலைவர் கறுப்பர், ஜார்ஜ் மிடில்டன். கர்னல் மிடில்டன் என்றே ஊரில் அழைத்தார்கள். போர் முடிந்த சமயம் இவர்கள் அணிவகுத்துப் போகையில், கவர்னர் ஜான் ஹான்காக் பீக்கன் தெருவில் தம் மாளிகை வாசலில் நிறுத்தி, பட்டுக்கொடி ஒன்றைப் பரிசளித்தார். அதிலும் அதே மான். சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோருக்கும் மேலே பெரிதாகக் கையெழுத்துப் போட்டாரே, அதே ஹான்காக்தான்.

இங்கேதான் சரித்திரப் புலிகள் கனைக்கிறார்கள். 'ஆள் பட்டியல் எங்கே? சம்பளப் பதிவு எங்கே? எந்தப் போர்க்களத்தில் நின்றார்கள்? கொடியும் வில்லையும் இருந்தால் ஆயிற்றா? ஊர்வலத்துக்கு அலங்காரமாகச் சேர்ந்த கூட்டமாக இருக்கலாம். மிஞ்சிப் போனால் வியாபாரிகளின் கிடங்குகளுக்குக் காவல் இருந்திருக்கலாம்' என்கிறார்கள். ரொம்ப நியாயம்போலத்தான் இருக்கிறது. பட்டியல் கிடைக்கவில்லை என்பது வாஸ்தவம். அவர்கள் இன்ன இடத்தில் வீரப்போர் புரிந்தார்கள் என்று கதை கட்ட நானும் வரவில்லை. கதை கட்டுவது என் தொழில்; ஆகவே எந்த இடத்தில் கட்டக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஐயா, பட்டியல் எழுதும் பேனா யார் கையில் இருந்தது?

1775 ஜூனில் பங்கர் ஹில் சண்டையில் கறுப்பர்கள் நின்று போராடினார்கள். சேலம் பூர் என்பவனின் வீரத்தைப் பாராட்டி, அவ்வருஷம் டிசம்பரில் பதினான்கு வெள்ளை அதிகாரிகள் சட்டசபைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அதே நவம்பரில்தான் வாஷிங்டனின் முகாமிலிருந்து கறுப்பர்களைப் படையில் சேர்க்காதே என்று உத்தரவு பிறந்தது! அந்த மாதமே வர்ஜீனியாவில் ஆங்கிலேய கவர்னர் டன்மோர், எஜமானர்களை விட்டு வந்து அரசர் பக்கம் போரிடும் அடிமைகளுக்கு விடுதலை என்று பறை சாற்றினார். ஆட்கள் எதிரி பக்கம் போய்விடுவார்களோ என்ற பயத்தில் டிசம்பர் 30-ம் தேதி உத்தரவு தளர்ந்தது. அதுவும் அடிமையல்லாத கறுப்பர்களுக்கு மட்டும். ஏறக்குறைய 5,000 கறுப்பர்கள் அமெரிக்கர் பக்கம் போரிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். போர் முடிந்து நாடு கிடைத்த பிறகு, 1792-ல் காங்கிரஸ் ஒரு மிலிஷியாச் சட்டம் போட்டது. படையில் பதிவு செய்யப்பட வேண்டியவன் யார் என்று அதில் எழுதினார்கள்: வெள்ளை ஆண் பிரஜை. தீர்ந்தது!

பெயரை எழுத மாட்டேன் என்று சட்டம் போட்டுவிட்டு, பிறகு 'உன் பெயர் எங்கள் புத்தகத்தில் இல்லையே' என்று கேட்பது என்ன நியாயம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காய் கறிக்கு உதவியாயிற்று, ஏட்டில்தான் ஏறவில்லை.

1786-ல் மாஸசூஸெட்ஸ் கிராமப்புறத்தில் கடன்பட்ட விவசாயிகள் டேனியல் ஷேஸ் என்பவனின் தலைமையில் கலகம் செய்தார்கள். பாஸ்டன் கறுப்பர்களின் தலைவர் பிரின்ஸ் ஹால், அப்போது கவர்னராயிருந்த பௌடினுக்குக் கடிதம் எழுதி, எங்கள் ஆட்களும் உதவிக்கு வருகிறோம் என்றார். கவர்னர் வேண்டாம் என்றுவிட்டார். ஆபத்துக் காலத்தில்கூட அந்தக் கையில் துப்பாக்கியைப் பார்க்க அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

மிடில்டன் என்ன ஆனார்? அவர் குதிரை வண்டி ஓட்டுபவர். பிடில் வாசிப்பார். கிளாப்பியன் என்ற நாவிதரோடு சேர்ந்து பின்க்னி தெருவில் சின்ன மரவீடு ஒன்று கட்டினார், இன்றும் இருக்கிறது. அடிமை இறக்குமதி 1808-ல் சட்டப்படி நின்றதல்லவா? அதைக் கறுப்பர்கள் பாஸ்டனில் கொண்டாடியபோது வெள்ளைக்கார விடலைகள் தடியும் கல்லுமாக அவர்களைத் துரத்தினார்கள். மிடில்டன் வீட்டுக் கதவு திறந்தது. கிழவர் குண்டு போட்ட துப்பாக்கியோடு வந்து நின்று, கிட்டே வந்தால் சுடுவேன் என்று கத்தினார். பெண்ணும் பிள்ளையுமாக ஜனங்கள் அவருக்குப் பின்னால் தப்பினார்கள். எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட் அம்மையார் இதைத் தம் நினைவிலிருந்து சொல்லியிருக்கிறார். அந்தக் கிழவர் 'அலங்காரக் கர்னல்' என்று என்னிடம் சொல்ல வருபவர்கள், அந்த வாசற்படியைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டு வரட்டும்.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் இன்னொரு பாஸ்டன்காரர், வில்லியம் கூப்பர் நெல். (நம் வயல் நெல் அல்ல.) 1829-ல் அவர் பள்ளிச் சிறுவன். நன்றாகப் படித்த பையன்களுக்கு நகரத்தார் ஃபிராங்க்ளின் பதக்கம் என்று ஒன்று கொடுப்பார்கள். நெல்லும் அதற்குத் தகுதி பெற்றார். கறுப்புப் பையனுக்குப் பதக்கம் கிடையாது. ஃபிராங்க்ளினின் வாழ்க்கைச் சரித்திரம் வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்தார்கள். பதக்கம் பெற்ற பையன்களுக்கு விருந்து நடந்தது. நெல் பரிமாறுகிற ஆளோடு சேர்ந்துகொண்டு அதில் தட்டு ஏந்தினார்!

அந்தப் பையன் வளர்ந்து, அமெரிக்கப் புரட்சியின் கறுப்பு தேசபக்தர்களைப் பற்றி 1855-ல் புத்தகம் எழுதினார். சும்மா பழம்பெருமை பாட அல்ல. மாஸசூஸெட்ஸ் மிலிஷியாவில் எங்களையும் சேர் என்று கறுப்பர்கள் மனுமேல் மனு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 'நீங்கள் எப்போது சண்டை போட்டீர்கள்?' என்று கேட்டவர்களுக்கு அந்தப் புத்தகம் பதில். ஹான்காக் மாளிகை வாசலில் கொடி கொடுத்த கதை அதில்தான் இருக்கிறது. என் பித்தான் நண்பர் 'அபூர்வம்' என்று நாக்கைச் சப்புக்கொட்டுகிற பொருள்களை, ஓர் உரிமை வழக்குக்குச் சாட்சியாக அவர் சேர்த்தார்.

மிடில்டனின் படையில் அந்தக் கொடியை வாங்கிக்கொண்டவருக்கு ஒரு மகள் இருந்தாள். திருமதி கே என்று பெயர். எந்தச் சர்க்காரும் கேட்காத, எந்தப் புத்தகமும் எழுதாத காலத்தில் அந்தப் பட்டுத்துணி அவள் வீட்டில் இருந்தது. 1860-களில் அது நெல்லின் முயற்சியால் மாஸசூஸெட்ஸ் சரித்திரச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஹான்காக் இறந்து அறுபது வருஷத்துக்கு மேலாகியிருந்தது.