வரப்பு தாண்டும் நோய்

உளுந்து விலை ஏறினால் அதை முதலில் உணர்பவர் மாதச் சம்பளக்காரர்தான். திருச்சானூரிலும் திருப்பதியிலும் சிற்றுண்டிச் சாலைகளில் வேலை செய்யும் தமிழர்களுக்கும், அலுவலகங்களில் எழுத்தர்களாக இருப்போருக்கும் இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. விலை ஏற்றத்துக்கு வியாபாரிகளின் பதுக்கலைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் மூட்டை கட்டுவதற்கு முன்பே, வயலிலேயே விளைச்சலைத் தின்றுவிடும் நோய் ஒன்றும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தமிழில் அதற்கு மஞ்சள் தேமல் என்று பெயர். தெலுங்கு விவசாயிகள் பல்லாகு தெகுலு என்பார்கள். உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றின் இளம் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தோன்றி, பிறகு இலை முழுவதும் பரவும். செடி குன்றிப் போகும்; காய்கள் சிறுத்து, உள்ளிருக்கும் மணி சுருங்கிவிடும். 1955-ல் டில்லியில் பாசிப்பயறில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சிய ஈ, பக்கத்து வயலின் நல்ல செடியில் அமர்ந்து உறிஞ்சினால் போதும், நோய் தொற்றிக் கொள்ளும். நாருக்காகப் பயிரிடும் புளிச்சையையும் இதே ஈ விட்டு வைப்பதில்லை. அதில் வேறொரு வைரஸைப் பரப்பி, இலை நரம்புகளை மஞ்சளாக்கி விடுகிறது.

நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. முளைத்த சில வாரங்களிலேயே நோய் வந்துவிட்டால் விளைச்சல் முழுவதும் போய்விடக் கூடும். பயந்துபோய் மேலும் மேலும் பூச்சிமருந்து அடிப்பதால் கைக்காசு கரையும்; நன்மை செய்யும் பூச்சிகள் மடியும்; வெள்ளை ஈயோ நாளடைவில் மருந்துக்குப் பழகிவிடும்.

வழி இல்லாமல் இல்லை. திருப்பதி மண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்நோயைத் தாங்கும் டி.பி.ஜி. 104 என்ற உளுந்து ரகத்தைத் தந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் ஆராய்ச்சி மையம் வம்பன் 8, வம்பன் 11 போன்ற ரகங்களைத் தந்திருக்கிறது. வடநாட்டில் பரவும் வைரஸ் வேறு, தென்னாட்டில் பரவுவது வேறு என்பதால், இந்த மண்ணில் சோதித்துப் பார்த்த விதைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. விதை நேர்த்தி செய்வது, வயலைச் சுற்றிச் சோளமோ மக்காச்சோளமோ விதைப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அழிப்பது ஆகியவையும் பயன் தரும்.

ஆனால் ஒருவர் மட்டும் இவற்றைச் செய்து பயனில்லை. பத்துப் பேர் செடியைப் பிடுங்க, பதினோராவது ஆள் சும்மா இருந்தால், அவர் வயலே மற்றவர்களுக்கு நோய் தரும் கிடங்காகிவிடும். வெள்ளை ஈ வரப்பையும் பார்ப்பதில்லை, மாநில எல்லையையும் பார்ப்பதில்லை. சித்தூர் மாவட்டமும் வேலூர் மாவட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரு மாநில வேளாண்மைத் துறைகளும் தனித்தனியே அறிக்கை விடுவதோடு நின்றுவிடக் கூடாது. எல்லைக் கிராமங்களில் ஒரே சமயத்தில், தமிழிலும் தெலுங்கிலும் எச்சரிக்கை செய்ய வேண்டும். எந்த விதை எங்கே, என்ன விலைக்கு, எவ்வளவு இருக்கிறது என்பதை விதைப்புக்கு முன்பே ஊர்தோறும் எழுதி ஒட்ட வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் நல்ல விதை, விவசாயியின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் யாருக்கு லாபம்?

ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தை ஐந்து ஆண்டுகளுக்கு பர்மாவிலிருந்து வாங்க 2021-ல் மத்திய அரசு உடன்பாடு செய்துகொண்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இறக்குமதி தேவைப்படலாம். அதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது விதைப் பெருக்கத்திலும் காட்டினால், உள்நாட்டு விவசாயி பிழைப்பான்.

வெளிமாநிலத்தில் உழைக்கும் தமிழர்கள் பலருக்கு ஊரில் அண்ணன் தம்பி பார்த்துக்கொள்ளும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலம் உண்டு. விதைப்புச் செலவுக்கு இங்கிருந்துதான் பணம் போகிறது. பணத்தை அனுப்பும்போது, “எந்த ரகம் விதைக்கப் போகிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அனுப்பிய பணம் மஞ்சளாகிப் போகாமல் காக்க அந்த ஒரு கேள்வி உதவும்.